யார் கத்துகிறார்கள் பார்ப்போம்

"அக்கா, இந்தப் பெரியவருக்கு மட்டும் சொந்தக்காரங்க யாருமே இல்ல. எந்தப் பிரிவைக் கேட்டாலும் எங்களுது இல்லைன்னு கையை விரிக்கிறாங்க."

புயல் தன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். அசுர வேகத்தில் டைப் அடித்து, பாதியைத் தப்பாக அடிப்பவன் என்பதால் அலுவலகம் அவனுக்கு வைத்த பெயர் அது. பதினொரு டேட்டாபேஸ் சர்வர்களில் இருப்பதை எல்லாம் இரண்டு புது சர்வர்களுக்குள் அடக்கிவிட்டு, மாதக் கடைசிக்குள் பழைய சர்வர் அறையைக் காலி செய்ய வேண்டும். திட்டத்துக்குத் தலைவி அவள். மற்றதற்கெல்லாம் முடிவு சொல்லியாகிவிட்டது. மூலையில் பழுப்பேறிப்போய், ஓயாமல் முனகிக்கொண்டிருந்த கடைசிப் பெட்டிக்குத்தான் 'பெரியவர்' என்று பெயர்.

"உள்ளே என்னதான் ஓடுது?"

"ஒரே ஒரு புரோகிராம். பழைய ஸ்டாஃப் எல்லாரோட பேரும் பிறந்தநாளும் இருக்கு. யாருக்காவது பிறந்தநாள்னா காலைல ஆறு மணிக்கு ஒரு மெயில் போகுது. எழுதினது யாருன்னு பார்த்தா, பேக்கப் சார்னு சொல்வீங்களே, அவர்தான்."

அவளுக்குச் சுருக்கென்றது.

பேக்கப் சார் அவளுடைய முதல் மேலதிகாரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நகல் எதுவும் எடுத்து வைக்காமல், வாடிக்கையாளர் விவரம் மொத்தத்தையும் ஒரே தட்டில் அழித்துவிட்டாள். அன்றைக்குப் பார்த்து அவளுக்குப் பிறந்தநாள் வேறு. சீட்டு கிழிந்தது என்று நடுங்கிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. சாயங்காலம் வரை இருவருமாக எல்லாவற்றையும் மீட்டார்கள். முடிந்ததும் கேன்டீனிலிருந்து ஒரு துண்டு கேக் வரவழைத்து நீட்டி, "பிறந்தநாள் வாழ்த்துகள். பேக்கப் எடுத்தாச்சா?" என்றார்.

அதற்குப் பிறகு வருடம் தவறாமல் அதே வரி மெயிலில் வரும். அவர் ஓய்வு பெற்று வேறு ஊருக்குப் போன பிறகும் வந்தது. கணவர் சுத்தமாக மறந்துவிட்டு அசடு வழிந்த வருடத்திலும் வந்தது. "எங்க சார் மறக்கவே மாட்டாரு, தெரியுமா?" என்று வீட்டில் அவள் பீற்றிக்கொள்ளாத பிறந்தநாளே கிடையாது.

"ஆறு மணிக்கா? எனக்கு ஏழு, ஏழரைக்குத்தானே வரும்?" என்றாள், கடைசி நம்பிக்கையாக.

"வயசான மிஷின்க்கா. முக்கி முனகி அனுப்ப நேரமாகாதா?"

"அவரோட அட்ரஸ்லேருந்துதான்டா வரும்."

"அதை எப்படி வேணாலும் போட்டுக்கலாம். உள்ளே பார்க்கலாம்னா கோடிங் எங்கேயுமே இல்ல. அப்படியே தூக்கிப் புது சர்வர்ல போட்டுடவா? அரை நாள் வேலைதான்."

"ஒண்ணும் வேண்டாம்." அவள் குரல் வெடுக்கென்று வந்தது. "மிஷின் சொல்ற வாழ்த்து யாருக்கு வேணும்? எப்பவும்போல நிறுத்தி வெச்சுப் பார்ப்போம்."

அவர்கள் தொழிலில் அது ஒரு வழக்கம். யாருடையது என்று தெரியாத சர்வரை ஒரு வாரம் அணைத்து வைப்பார்கள். எவராவது ஓடி வந்து கத்தினால் அவர்தான் சொந்தக்காரர். ஒருவரும் கத்தவில்லை என்றால் பெட்டியைக் கழற்றிவிடலாம்.

சுவிட்சை அவளே அணைத்தாள். முனகல் நின்றதும் அறை என்னவோபோல் இருந்தது.

வாரம் முழுக்க ஒருவரும் கத்தவில்லை. கடைசி நாள் அவளுடைய பிறந்தநாள். பார்க்கவே கூடாது என்று வைராக்கியமாகப் படுத்தவள், விடிந்ததும் முதல் வேலையாக மெயிலைத்தான் திறந்தாள். ஏழுக்குப் பார்த்தாள், ஏழரைக்குப் பார்த்தாள். கணவர் இந்த முறை மறக்காமல் பூங்கொத்தோடு வந்து நின்றார். வாங்கி மேஜையில் வைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. தான் நிறுத்தியதுதான், வராது என்று தெரிந்ததுதான், இருந்தாலும் அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருடமும் ஒரு தகரப் பெட்டியை நம்பிப் பெருமை பேசியிருக்கிறோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அலுவலகத்தில் புயல் ஸ்க்ரூடிரைவரோடு தயாராக நின்றான்.

"யாரும் கத்தலக்கா. பெரியவரை வழியனுப்பிடலாமா?"

"கழட்டு," என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, கைபேசி அடித்தது. திரையில் 'பேக்கப் சார்'. விரலைக் காட்டிப் புயலை நிறுத்தினாள்.

"எந்தப் புண்ணியவான்மா என் சர்வரை நிறுத்தினது?" எடுத்த எடுப்பிலேயே கத்தினார். ஸ்பீக்கர் போடாமலே புயலுக்கும் கேட்டது.

"நான்தான் சார்," என்றாள். "சும்மா வாழ்த்து அனுப்புற மிஷின்தானேன்னு..."

"அது எதுக்கும்மா வாழ்த்து அனுப்பணும், எனக்கென்ன கை இல்லையா? என் மறதி உனக்குத் தெரியாதும்மா, இன்னிக்கு இன்னாருக்குப் பிறந்தநாள்னு காலைல அது எனக்கு ஒரு மெயில் போடும். அப்புறம் நான் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒத்தை விரலால தட்டி அனுப்புறதுக்குள்ள ஒரு மணி நேரம் ஓடிடும். ஒரு வாரமா ஒண்ணையும் காணோம், யார் யாரை விட்டேனோ! சரி, போனது போகட்டும், இன்னிக்கு யாருக்குன்னாவது கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா."