முன் வண்டியின் ரேடார்

"அந்த டப்பாவைக் கழட்டி ஆத்துல வீசுங்க தலைவரே. இல்லேன்னா அடுத்த வாரத்துலேர்ந்து முன்னாடி நான் போறேன்."

வழியில் ஓட்டலில் காலைச் சாப்பாட்டு மேஜையில் டெவின் பட்டென்று இப்படிச் சொன்னான்.

வெர்லின், பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியை வெள்ளைக் கிரேவியில் தோய்த்துக்கொண்டே, "என் டப்பாவுக்கு என்ன குறைச்சல்?" என்றார்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மனுஷர். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறு பேர் ஓசார்க் மலைக்குப் பைக்கில் கிளம்பினால், எத்தனையோ வருஷமாக முதல் வண்டி அவருடையதுதான். காரணம், அவர் ஹேண்டில்பாரில் இருக்கிற ரேடார் டிடெக்டர். போலீஸ் எங்கேயாவது வேகத்தை அளக்க உட்கார்ந்திருந்தால், அது ஹெல்மெட்டுக்குள் அவர் காதில் கத்தும். அவர் ஹெல்மெட் உச்சியில் தட்டுவார். பின்னால் வருகிற நாங்கள் வேகத்தைக் குறைத்துப் பூனையாகிவிடுவோம்.

கடைசி வண்டி நான். மெக்கானிக் என்பதால், விழுந்தவனைத் தூக்குகிற வேலை என்னுடையது.

"என்ன குறைச்சலா? இன்னிக்கு மட்டும் எத்தனை தடவை தலையில தட்டிக்கிட்டீங்க! குவாரி வளைவுல தட்டினீங்க, பாலத்துக்கிட்ட தட்டினீங்க. எங்கயாவது போலீஸ் இருந்ததா? ஒரு ஈ காக்கா இல்லை!"

"ஒளிஞ்சிருப்பான்."

"எங்க, மரத்து மேலயா?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். தபால் கொண்டுவரும் ராண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானெல்லாம் இப்ப அவர் தட்டினா பிரேக்கே பிடிக்கறதில்லைப்பா" என்றாள்.

வெர்லின் முகம் செத்துவிட்டது.

டெவின் பையிலிருந்து புத்தம் புது டிடெக்டர் ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தான். "இது சும்மா சும்மா கத்தாது. மலைக்கு அந்தப் பக்கம் போலீஸ் இருந்தாலும் மோப்பம் பிடிச்சிடும். ஒண்ணு இதை மாட்டுங்க, இல்லை வழியை விடுங்க."

நேற்று வந்த பயல்! சேர்ந்து நாலு மாசம்கூட ஆகவில்லை, பேச்சைப் பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டார்கள்.

"கிளெம், நீதானே மெக்கானிக்கு. மாட்டிக் குடுத்துடு" என்று ராண்டா அதை என் கையில் திணித்தாள்.

வெளியே வந்து பழைய டிடெக்டரின் கிளாம்பைத் தளர்த்தினேன். மழைக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை வெயிலில் வெளுத்து, விரிசல் விட்டிருந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே டேங்குக்கு அடியில் போனால், அட! அது பேட்டரிக்கே போகவில்லை. முனையை மடித்து டேப் சுற்றியிருந்தது. கரண்டே இல்லாத டப்பா எப்படிக் கத்தும்?

நிமிர்ந்தால் வெர்லின் நிற்கிறார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஹாய்ட் செத்ததுலேர்ந்து."

ஹாய்ட் எங்களோடு வந்துகொண்டிருந்தவன். லாரி சிந்திய ஜல்லியில் சறுக்கி, அந்தக் குவாரி வளைவில்தான் போய்ச் சேர்ந்தான்.

"அன்னிக்கு மெதுவா வாங்கன்னு கையைக் காட்டினேன். 'என்ன பெருசு, பயமா?'ன்னு கேட்டுட்டு என்னைத் தாண்டிப் போனான். வளைவு, ஜல்லி, மான்னு சொன்னா இதுங்க கேக்காது கிளெம். போலீஸ்னு சொன்னாத்தான் கேக்கும்."

ஹாய்டுக்குப் பிறகு நான் யாரையும் ரோட்டிலிருந்து தூக்கவே இல்லை. என்னமோ நம்ம நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"புதுசை மாட்டிக்கிட்டு, நீங்க பாட்டுக்குப் பழையபடி தட்டுங்களேன்."

"சும்மா கத்தாத மெஷின்னு அவனே சொல்றானே. அதை வெச்சுக்கிட்டு வளைவுக்கு வளைவு தட்டினா குட்டு வெளிப்பட்டுடும். மாட்டலேன்னா அந்தப் பய முன்னாடி போவான், பறப்பான். எல்லாரும் அவன் பின்னாடியே பறப்பாங்க. இன்னொரு ஹாய்டை நான் பாக்கணுமா?"

சொல்லிவிட்டு அவர் நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

அவர் போன வழியாகவே டெவின் வந்தான். சட்டென்று வயரைக் கைக்குள் மறைத்தேன்.

"என்ன, மேஸ்திரி வேலை பாக்க வந்தியா?"

அவன் கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மறைக்காதீங்க. அந்த வயரை நான் சேர்ந்த புதுசுலேயே பாத்துட்டேன்."

"அடப்பாவி! தெரிஞ்சுதான் அந்த மனுஷன் மானத்தை வாங்கினியா?"

"வேற வழி தெரியலை. ராண்டா சொன்னதைக் கேட்டீங்கல்ல? உடைஞ்ச டப்பா, பொய்யாக் கத்துதுன்னு யாரும் இப்ப அதை நம்பறதில்லை. இன்னிக்குக் குவாரி வளைவுல கண்ணாடியில பாத்தேன். எனக்குப் பின்னாடி பிரேக் பிடிச்சது நீங்க ஒருத்தர்தான்."

கைக்குள் மறைத்த வயரை வெளியே விட்டேன்.

"அடுத்த ஞாயிறு என் தம்பி நம்மகூட வர்றான். பத்தொன்பது வயசு, புது பைக்கு. மெதுவா போடான்னா, 'பயந்தாங்கொள்ளி'ம்பான். போலீஸ்னா மட்டும்தான் அடங்குவான். புதுசு மலைக்கு அந்தப் பக்கத்துப் போலீஸையும் பிடிக்கும்னு சொல்லி வெச்சிருக்கேன், இனிமே போலீஸ் கண்ணுல படலேன்னாலும் அவர் தட்டினா நம்புவாங்க."

கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"எல்லாருக்கும் பளிச்சுன்னு தெரியற மாதிரி புதுசை மாட்டுங்க. வயரை மட்டும் பேட்டரியில சேர்த்துடாதீங்க."