பாதியில் நிற்கும் டயாலிசிஸ்

"நாளைக்கே ஆஞ்சியோகிராம் எடுங்க டாக்டர்."

டாக்டரிடம் அதை எடு, இதை எடு என்று கேட்கவே கூடாது என வாசலிலேயே அவளிடம் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார் அப்பா. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"மாத்திரையே போதும்மா. டயாலிசிஸ்ல இருக்கிற உடம்பு. ஆஞ்சியோகிராமுக்கு ஏத்தற சாயம் கிட்னியைக் கெடுத்துடும்."

"கெடறதுக்கு இன்னும் என்ன டாக்டர் மிச்சம் இருக்கு? ஒவ்வொரு தடவையும் நெஞ்சு வலிச்சு, டயாலிசிஸைப் பாதியில நிறுத்தறாங்க. இப்படியே விட்டா உயிர் தங்குமா?"

"நாலு எழுத்து படிச்சுட்டா டாக்டருக்கே பாடமா?" என்றார் டாக்டர்.

"எங்க வீட்ல படிச்சது நான் ஒருத்திதான். நான் கேக்காம வேற யாரு கேப்பா?"

டாக்டர் அப்பாவிடம் திரும்பினார். "ஆஞ்சியோகிராம் எடுத்தா உயிருக்கே ஆபத்து வரலாம். நீங்க சொல்லுங்க பெரியவரே."

அப்பா எழுந்து நின்றார்.

"என்னை ஏன் கேக்கறீங்க? நான் துணைக்கு வந்தவன். உடம்பு அவளோடது. என் பொண்ணு யோசிக்காம கேக்க மாட்டா."

டாக்டர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "உனக்குச் சம்மதமா?"

"சம்மதம். இடது கையில மட்டும் யாரும் ஊசி போடக் கூடாதுன்னு சொல்லிடுங்க. அது டயாலிசிஸுக்கு வேணும்."

பதிலுக்குக் காத்திராமல், அட்மிஷன் போட வெளியே நடந்தாள்.