நாற்பத்தோராம் பக்கம்

கார் பாகத் தொழிற்சாலையில், ஒவ்வொரு பாகமும் எப்படி உருவானது என்று மதிப்பிட வந்தவர் முன்னால் பதினொரு கோப்புகள் வெள்ளைவெளேரென்று இருந்தன. எல்லாம் அவருக்குக் காட்டவென்றே போன வாரம் உட்கார்ந்து புதிதாக எழுதியவை. பன்னிரண்டாவதாக இருந்த, பிரேக் பெடலை வடிவமைத்த செண்பகவல்லியின் கோப்பில் மட்டும் அடித்தல் திருத்தல், கிரீஸ் விரல் பதிந்த கறை. "மாத்தி எழுதும்மான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே" என்று மேலாளர் அவளிடம் பல்லைக் கடித்தார். வந்தவர் நாற்பத்தோராம் பக்கத்தை நிதானமாக உரக்கப் படித்தார்: "மூன்றாவது பெடலும் உடைந்தது. என் கணக்கு தப்பு." அடுத்த பக்கத்தில் புதுக் கணக்கு, அதற்கும் அடுத்ததில், பத்து லட்சம் முறை மிதித்தும் உடையாத நான்காவது பெடல். வெள்ளைக் கோப்புகளை அவர் ஓரமாகத் தள்ளினார். "இந்தக் கைரேகை யாரோடதுங்க?" செண்பகவல்லி எழுந்து போய்க் கறையின் மேல் கட்டைவிரலை வைத்தாள். அவர் அடுத்த கேள்விக்குப் போன பிறகும் அவள் விரலை எடுக்கவில்லை.