விட்ட மாதங்கள்

“பொய் சொல்லாதேங்கோ ஐயா. குளிசையை ஒழுங்காக் குடிச்சா இரத்தத்தில கிருமி இப்பிடி ஏறாது.”

டொக்டர் சுமித்திராவின் குரல் தானாகவே உயர்ந்தது. எதிரே வீரையா தலை குனிந்து இருந்தார். மல்லாவியில் தோட்டம் செய்பவர். எச்.ஐ.வி. தொற்றியது தெரிந்த நாளிலிருந்து மாதம் தவறாமல் பஸ் ஏறி வந்து மருந்து வாங்கிப் போகிறவர். சில வேளை ஒரு கட்டுப் பயித்தங்காயும் கொண்டுவந்து தருவார். இந்தக் கிளினிக்கில் அவரைப்போல ஒழுங்கானவர் இல்லையென்றே அவள் நினைத்திருந்தாள்.

“ஒரு மாதம் குடிப்பன், டொக்டர். அடுத்த மாதம் விடுவன்.”

“ஏன்?”

“உடம்புக்கு ஓய்வு குடுக்கலாம் எண்டு...”

“ஆர் சொன்னது? நீங்கள் விடுற நேரம் கிருமி திரும்பப் பெருகும். விட்டு விட்டுக் குடிச்சா அது மருந்துக்குப் பழகிப்போகும். இப்ப பழகிட்டுது. இனி இந்தக் குளிசை உங்களுக்கு வேலை செய்யாது.”

வீரையா நிமிர்ந்தார். முகம் வெளிறியிருந்தது. “எனக்கு மட்டுமோ?”

“இப்பிடிக் குடிச்சா ஆருக்கும் இதுதான் கதி. வேற மருந்துக்கு மாத்திப் பாப்பம்.” அவளுக்குக் கோபம் ஆறவில்லை. “விட்ட மாதத்துக் குளிசையெல்லாம் வீட்டில இருக்குமே. கொண்டு வாங்கோ.”

“இல்லை, டொக்டர்.”

“வீசிட்டீங்களோ?”

அவர் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலூட்டியது.

“உங்கட மனுசி தங்கம்மாவை ஒருக்கா எண்டாலும் நினைச்சீங்களோ? வேற இடத்தில சோதிச்சுப் பாத்தது, அவாவுக்கு ஒண்டுமில்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? நீங்கள் மருந்தை விட்டா, பாவம், அவாவுக்கும் எல்லோ தொத்தும்!”

வீரையா சேட்டுக் கையால் கண்ணைத் துடைத்தார். பிறகும் கண்ணீர் நிற்கவில்லை.

“சோதிச்சது உண்மை, டொக்டர். ஒண்டுமில்லை எண்டதுதான் பொய். இங்க வந்தா ஆரும் கண்டிடுவினம், ஊர் கதைக்கும், செத்தாலும் வரமாட்டன் எண்டு ஒரே பிடியா நிண்டிட்டா. நான் விட்ட மாதமெல்லாம் அந்தக் குளிசையை அவாதான் குடிச்சவா. பாதி மருந்து எண்டாலும் ரெண்டு பேரையும் காப்பாத்தும் எண்டு நினைச்சுப்போட்டன்.”