பதினேழாம் எண் தகடு

முப்பத்தொன்பது தகடுகளும் பளபளவென்று மின்னின.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேடு. அதில் நட்ட மரச்சட்டத்தில், சாண் அகலத் தகடுகள், எல்லாம் இரும்பு. இரண்டு வருஷம் உப்புக்காற்று தின்றதற்கு அவை மரப்பட்டை மாதிரி செதில் செதிலாக உரிந்திருக்க வேண்டும்.

ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் விளக்கெண்ணெய் ஒட்டியது. தகட்டின் நடுவில் குங்குமம்.

“ஆயுத பூஜைக்கு வெச்சது சார்” என்றார் காவல்காரர் துலுக்காணம். முகமெல்லாம் பெருமை. “வெள்ளிக்கெயமைக்கு வெள்ளிக்கெயமை நானும் எங்கூட்டுக்காரியும் குந்திக்கினு செங்கல்பொடி போட்டுத் தேய்ச்சிடுவோம். துளி துரு அண்ட உடலியே!”

பொன்னேரியிலிருந்து பஸ், அப்புறம் படகு, அப்புறம் முழங்கால் சேற்றில் நடை. இதைப் பார்க்கவா வந்தேன்?

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் வரப்போவதாகப் பேச்சு. இந்தக் காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று சொல்வதுதான் என் ஆராய்ச்சி. துருவை அடுக்கடுக்காகப் பிரித்து, எந்த அடுக்கில் எவ்வளவு உப்பு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தகடு யாருக்கு வேண்டும்? எனக்குத் துரு வேண்டும். என் டாக்டர் பட்டமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் மூன்றே மாதம்.

யாரும் தொடக் கூடாது என்றுதான் காவலுக்கு ஆள் போட்டதே. ‘கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னது நான்தான். துருப்பிடிக்கத்தான் வைத்திருக்கிறோம் என்று மட்டும் சொல்லவில்லை. காவல்காரருக்கு அதெல்லாம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

மாதாமாதம் அவரிடமிருந்து கார்டு வரும். ‘தகடுகள் யாவும் சுகம்.’ ஆய்வுக்கூடத்தில் எல்லோரிடமும் காட்டிச் சிரித்திருக்கிறேன். சுகமாம்!

“யாருய்யா தேய்க்கச் சொன்னது?” என்று கத்தினேன்.

துலுக்காணத்தின் முகம் சுண்டிப்போயிற்று. சரியாகத் தேய்க்கவில்லை என்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, தோள்துண்டை எடுத்துப் பக்கத்துத் தகட்டை இன்னொரு முறை துடைத்தார்.

அதற்குமேல் என்ன பேச? அந்த வெயிலில் நின்று வேதியியல் பாடம் நடத்த எனக்குத் தெம்பில்லை. திரும்பி நடந்தேன்.

அப்போதுதான் அவருடைய குடிசையின் கூரை கண்ணில் பட்டது.

காற்றில் கீற்று பறக்காமலிருக்க மேலே பாரம் வைத்திருந்தார்கள். இரண்டு செங்கல், ஓர் உடைந்த துடுப்பு, நடுவே சாண் அகலத்தில் ஒரு தகடு. சிவந்து, கறுத்து, அடுக்கடுக்காகப் பொருக்குத் தட்டியிருந்தது. அத்தனை அழகான துருவை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

பதினேழு!

மாட்டியது நாற்பது தகடுகள். முதல் மாதம் எண்ணிப் பார்க்க வந்தபோதே பதினேழாம் எண்ணைக் காணவில்லை. துலுக்காணம் கங்கையம்மன் மேல் சத்தியம் செய்தார். நான் விடவில்லை. திருட்டு நிரூபணமானால் வேலை போகும், போலீசும் வரும் என்று மெமோ கொடுத்துவிட்டுப் போனேன். அதோடு இன்றைக்குத்தான் வருகிறேன்.

“துலுக்காணம், கூரை மேல இருக்கே, அது...”

“அத்து எங்க மச்சான் ஊட்லேர்ந்து வந்துது சார்!”

நான் கேட்டு முடிக்கவில்லை, அதற்குள் பதில்.

கெஞ்சினேன். கோபமில்லை என்றேன். வேலைக்கு ஒன்றும் வராது என்றேன். அந்தத் தகடு எனக்கு வேண்டும், அவ்வளவுதான் என்றேன். பையிலிருந்த மெமோ நகலை எடுத்து அவர் கண்ணெதிரே நாலாகக் கிழித்துப் போட்டேன்.

காகிதத் துண்டுகள் மணலில் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“காத்துல கீத்து பறந்து, புள்ள தூங்கற எடத்துல ஒயுகிச்சி சார். ஒண்ணே ஒண்ணுதானேன்னு எட்த்துட்டேன். நீங்க மெமோ குட்த்துட்டுப் போனப்பறம் மனசே கேக்கல. மிச்சத்தையாவது நல்லா வெச்சிக்கணும்னுதான் தேய்க்க ஆரம்பிச்சோம்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. பரவாயில்லை, பரவாயில்லை என்று இரண்டு தடவை சொன்னேன்.

“கங்கம்மா, அத்த எறக்கி சாருக்குக் குடு!” என்று மனைவிக்குக் குரல் கொடுத்துவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேல் என்னை உட்கார வைத்து, டீ கொடுத்தார்.

ஏரியைப் பார்த்தபடி குடித்தேன். குடிசைக்குப் பின்னால் கங்கம்மாள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. இன்னொரு டீயும் வந்தது. அவசரமில்லை. ஒரு தகடு போதும் எனக்கு. பெட்டியில் பஞ்சைப் பரப்பினேன். ஒரு செதில்கூட உதிராமல் கொண்டுபோக வேண்டும். நோட்டில் ‘எண் 17, துருவின் நிறம்’ என்று எழுதி, இடம் விட்டேன். அன்றைக்கு முதன்முறையாகக் காற்று சுகமாக இருந்தது.

கங்கம்மாள் வந்தார். முழங்கை வரை செங்கல்பொடி. இரண்டு கைகளாலும் ஏந்திப் பயபக்தியோடு நீட்டினார்.

வெயில் பட்டுக் கண் கூசிற்று. அதன் நடுவே 17 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது.

அவருக்குப் பின்னால் துலுக்காணம் கைகட்டி நின்றார்.

“இத்த ஒண்ணத்தான் சார் ரெண்டு வருசமா கவனிக்காம உட்டுட்டோம். மன்னிச்சிக்குங்க.”