எதிரணி ஜெர்சி

“ஏட்டி, இது யாரு ஜெர்சி?”

புறவாசலில் நின்று கத்தினான் கிருஷ்ணகுமார்.

கொடி முழுக்க நீல ஜெர்சிகள் சொட்டிக்கொண்டிருந்தன. நாளைக்கு ஹாக்கி இறுதி ஆட்டம். கோவில்பட்டி அணிக்கு இவன்தான் கேப்டன். எதிர்த்து ஆடப்போவது அம்பாசமுத்திரம்.

“அம்பாசமுத்திரத்துக்காரவியளுதுதான்” என்றாள் அவன் மனைவி முத்துச்செல்வி, கடைசி ஜெர்சியைப் பிழிந்தபடி. “அவிய தங்கியிருக்க பள்ளிக்கூடத்துக்கு நானே போயி வாங்கிட்டு வந்தேன்.”

அம்பாசமுத்திரம் அவள் பிறந்த ஊர். கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

கூட வந்த கோல்கீப்பர் இசக்கிதுரை சிரித்தான். “அண்ணி பொறந்த ஊரை விட்டுக்குடுப்பாவளா?”

கிருஷ்ணகுமாருக்குச் சுருக்கென்றது.

ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்த அந்த அம்பாசமுத்திரத்துப் பையன்கள், பள்ளிக்கூடத்துப் போர்வெல் தண்ணீரில் ஜெர்சியைத் துவைத்துவிட்டார்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. திரிந்துபோய்த் துணியிலேயே வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. வேர்வை பட்டதும் அரிப்பு. காலையில் அரையிறுதியைச் சொறிந்துகொண்டேதான் தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள்.

‘நாளைக்கும் நல்லாச் சொறியட்டும்’ என்று கோவில்பட்டி அணி குஷியாக இருந்தது. இவள் என்னடா என்றால்...

அவள் பக்கத்தில் இருந்த குடத்தைப் பார்த்தான். “நல்ல தண்ணியிலயா அலசுத?”

“ஆமா. சலவைச் சோடாவுல ஊறப்போட்டு, எலுமிச்சம்பழம் பிழிஞ்ச நல்ல தண்ணியில அலசினாத்தான் அந்த சோப்பு போவுது.”

“வாரத்துக்கு ஒருநா வார குழாத்தண்ணி! எங்க ஜெர்சியை என்னைக்காச்சும் அதுல அலசிருக்கியா?”

“உங்களுக்கு உப்புத்தண்ணி பழகிப்போச்சு. அவியளுக்குப் பழக்கமில்லைல்லா?”

மறுநாள் மட்டையை எடுத்துக்கொண்டு அவளிடம் சொல்லாமலே கிளம்பிவிட்டான்.

மைதானத்தில் அம்பாசமுத்திரம் பறந்தது. ஒருத்தன்கூடச் சொறியவில்லை. முதல் கோல் அவர்களுக்குத்தான். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்து முறைத்தான் கிருஷ்ணகுமார்.

இடைவேளைக்குப் பிறகு கோவில்பட்டி திருப்பிக் கொடுத்தது. ஒன்றுக்கு ஒன்று. இசக்கிதுரை விழுந்து புரண்டு தடுத்துக்கொண்டே இருந்தான்.

முடிகிற நேரம். பந்து கிருஷ்ணகுமார் மட்டைக்கு வந்தது. ஒருத்தனை ஏமாற்றினான். இன்னொருத்தனையும். அடித்த அடியில் கோல் பலகை ‘டப்’பென்று அதிர்ந்தது.

“கோல்!”

ஊரே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது.

எதிரணி கேப்டன் சௌந்தரபாண்டியன் வந்து கட்டிக்கொண்டான். “எங்களால ஆன மட்டும் ஆடிப் பாத்துட்டோம் அண்ணாச்சி. குறை சொல்ல ஒண்ணுமில்ல. உங்க ஆட்டந்தான் பெருசு.”

கோப்பையோடு நேரே மனைவியிடம் வந்தான் கிருஷ்ணகுமார்.

“உன் ஊர்க்காரனுவ ஜெயிக்கணும்னுதானே அந்தப் பாடுபட்ட? இப்ப என்ன சொல்லுத?”

முத்துச்செல்வி கோப்பையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“நீங்க ஜெயிப்பீங்கன்னு தெரிஞ்சுதாங்க துவைச்சேன். அவிய சொறிஞ்சுக்கிட்டே தோத்திருந்தா, ‘ஜெயிச்சது உன் புருசனா, கோவில்பட்டி உப்புத்தண்ணியா’ன்னு காலத்துக்கும் எங்க ஊர்ல கேட்டிருப்பாவல்லா?”