சுவருக்குச் சட்டை

"சுவருக்குச் சட்டை தைக்கிறாளாம்! கேட்டியா கூத்தை?"

செயலாளர் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினார். குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வேலையிலிருந்து ஓய்வு வாங்கிவிட்டார். வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. பின்னால் டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாரைச் சொல்றே?" என்றார் மறுமுனையில் பொருளாளர்.

"பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாதான்! உள் ரூம் சுவர் முழுக்கப் பலகை அடிச்சு, இடையில வெட்டுத் துணியா திணிச்சு வச்சிருக்கா. கதவு இடுக்குக்கு ரப்பர் வேற. வெளிச் சத்தம் உள்ளே வரக்கூடாதாம்."

"மெயின் ரோட்டு மேல வீடு. பஸ் ஹாரன் காதைக் கிழிக்குது. நல்ல யோசனைதானேப்பா?"

"என்னத்த நல்ல யோசனை? நாமெல்லாம் மனுஷங்க இல்லையா? நாள் பூரா கடகடன்னு மெஷின் ஓட்டுறவளுக்கு நம்ம சத்தம் ஆகாதாம். திமிரு! சங்கத்தைக் கேட்காம ஆணி அடிச்சிருக்கா. இன்னிக்கே எல்லாத்தையும் பிடுங்க வைக்கிறேன் பாரு."

"உன் வீட்டம்மாவை விட்டுப் பேசச் சொல்லேன். ரெண்டு பேரும் சிநேகிதம்தானே?"

"அவ எங்கே வீட்டுல இருக்கா? ஆஸ்பத்திரியில ராத்திரி டூட்டி முடிச்சு வருவா, சமைச்சு மூடி வைப்பா, தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவா. ஒரு மாசமா இதே கதைதான். வீட்டுல கால் தங்குறதே இல்லை."

நோட்டீஸ் எழுதினார். கையெழுத்துப் போட்டார். டிவியை அணைக்கவுமில்லை, வாசல் கதவைச் சாத்தவுமில்லை. விறுவிறுவென்று பக்கத்து வீட்டுக்குப் போனார்.

தையல் மெஷின் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. தையல்காரம்மா இடிபட்டுக்கொண்டு உட்கார்ந்து பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உள் ரூமுக்கு அவ்வளவு ஜோடனை பண்ணிட்டு, இங்கே என்னம்மா செய்றே?"

"அந்த ரூமை ஒருத்தங்களுக்கு விட்டுக்கொடுத்துட்டேன் சார்."

"ஓகோ, உள்வாடகையா! அதுக்கும் சங்கத்தைக் கேட்கலை!"

"வாடகையெல்லாம் இல்லை சார். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இப்பத்தான் கண் அசந்தாங்க."

"என் வாயை அடக்க நீ யாரு? எந்த மகாராணி அது, நானும் பார்க்கிறேன்!"

அவள் எழுந்து வருவதற்குள் உள் ரூம் கதவைப் படாரென்று திறந்துவிட்டார்.

பாயில் சுருண்டு, பையையே தலைக்கு வைத்து, அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள் அவர் மனைவி.

செயலாளர் கையிலிருந்த நோட்டீஸை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

அவள் கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுளித்து, போர்வையைக் காது வரைக்கும் இழுத்துக்கொண்டு முனகினாள்:

"கதவைச் சாத்தும்மா... அவரோட டிவி கேக்குது."